விரல்விட்டு எண்ணும் பிரபு

நாற்காலியை நிறைத்துக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். கால்களை அகட்டி வைத்திருக்கிறார். தலையில் பொய்முடி, பருத்த வயிறு, தொங்கும் தாடை. ஒரு கையின் விரல்களை மற்றக் கையால் தொட்டுத் தொட்டு ஏதோ கணக்குச் சொல்கிறார். உதட்டில் சிரிப்பு இருக்கிறது. இல்லை என்றும் சாதிக்கலாம். பக்கத்து மேசையில் இறகுப் பேனாவும், ‘நினைவுக் குறிப்புகள்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு புத்தகமும் இருக்கின்றன.

கறுப்பு மையில் அச்சான ஒற்றைத் தாள் இது. படத்தின் உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. 1746 ஆகஸ்ட் 25 அன்று லண்டனில் ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பனைக்கு வந்தது. வரைந்தவர் வில்லியம் ஹோகார்த். நாற்காலியில் இருப்பவர் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஃப்ரேசர் குலத்தின் தலைவர் சைமன் ஃப்ரேசர், பதினோராவது லோவட் பிரபு. படம் கடைக்கு வந்த அன்று அவர் ராஜதுரோகக் குற்றம் சாட்டப்பட்டு லண்டன் கோபுரச் சிறையில் இருந்தார். ஏழரை மாதம் கழித்து அவருடைய தலை வெட்டப்பட்டது.

இந்தத் தாளில் என்ன புதுமை என்று தெரிய, அதற்கு முன் ஒரு பிரபுவின் உருவப்படம் எப்படி அச்சானது என்று பார்க்க வேண்டும். புகைப்படம் இல்லாத காலம். எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது மாளிகைச் சுவரை விட்டு நகராது. முகம் ஊர் ஊராகப் போக வேண்டுமென்றால் அதைச் செம்புத்தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட வேண்டும். 1630-களில் ஓவியர் வான் டைக் இளவரசர்கள், தளபதிகள், அறிஞர்கள், ஓவியர்கள் என்று ஒரு பெரிய வரிசையே இப்படி வெளிவர வழிசெய்தார். பிரான்சில் ராபர்ட் நான்டெய் பதினான்காம் லூயி காலத்துப் பெரிய மனிதர்களைச் செதுக்கியே வாழ்ந்தார். அவர் செய்த உருவப்படங்கள் இருநூறுக்கும் மேல். நீள்வட்டச் சட்டத்துக்குள் மார்பளவு உருவம், அடியில் குலச்சின்னம், சுற்றிலும் லத்தீனில் பட்டங்களின் பட்டியல் என்பது அந்த வகைப் படங்களின் வாடிக்கையான அமைப்பு. பெரும்பாலும் செலவைப் பிரபுவோ அவரை அண்டி இருந்தவரோ ஏற்பார். தாள்கள் அன்பளிப்பாகப் போகும். மரியாதை எவ்வளவு என்பது முகத்தில் பாதி, சட்டத்தில் பாதி.

இப்படிப்பட்ட ‘தலை’களைச் சேகரிப்பது இங்கிலாந்தில் ஒரு பித்தாகவே வளர்ந்தது. நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் பெரிய தொகுப்பு வைத்திருந்தார். 1769-இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியார், இங்கிலாந்தின் வரலாற்றையே உருவப்படங்களின் வரிசையில் அடுக்கி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிறகு கிடைத்த புத்தகங்களிலிருந்தெல்லாம் படத்தைக் கிழித்துத் தன் புத்தகத்தில் ஒட்டுகிற வழக்கம் பரவி, அதற்கு அந்தப் பாதிரியாரின் பெயரே ஒட்டிக்கொண்டது. பாவம், அவர் யாரையும் கிழிக்கச் சொல்லவில்லை.

அதே லண்டன் படக்கடைகளில் இன்னொரு வகை முகமும் தொங்கியது. தூக்குமேடைக்குப் போகிறவர்களின் முகம். 1733-இல் மூன்று பெண்களைக் கொன்ற வழக்கில் சாரா மால்கம் என்ற வேலைக்காரிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஹோகார்த் நியூகேட் சிறைக்கே போய் அவளை வரைந்து, அச்சடித்து, தாள் ஆறு பென்ஸுக்கு விற்றார். இங்கே செலவைக் கொடுத்தது பிரபு அல்ல, வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

லோவட் படத்தில் இந்த இரண்டு வகையும் ஒரே தாளில் மோதுகின்றன என்பது என் கருத்து. உட்கார்ந்திருப்பவர் பிரபு, ஆனால் படத்தை வரவழைத்தது சந்தை. நீள்வட்டச் சட்டம் போய்விட்டது, லத்தீன் துதி போய்விட்டது. மார்பளவோடு நிற்காமல், வீங்கிய கால்கள், செருப்பு வரைக்கும் முழு ஆளும் நம் முன்னால் கொட்டிக் கிடக்கிறார்.

ஆளும் சாதாரண ஆள் அல்ல. பழம் தின்று கொட்டை போட்டவர். ஏறத்தாழ 1667-இல் பிறந்தவர். லோவட் பட்டமும் நிலமும் தனக்கு வர வேண்டும் என்பதற்காக 1697-இல், முந்தைய பிரபுவின் விதவை அமீலியா மர்ரேயைப் பலவந்தமாகத் திருமணம் செய்துகொண்டார். அவள் அலறல் வெளியே கேட்காதிருக்கப் பைக்குழல் வாசிக்கச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அந்தப் பெண்ணின் வீட்டார் ஸ்காட்லாந்தின் பெரும் குடும்பங்களில் ஒன்று, விட்டுவிடுவார்களா? அவர் இல்லாமலே வழக்கு நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிரான்சுக்கு ஓடினார்.

இங்கே கொஞ்சம் அரசியல் சொல்ல வேண்டும். 1688-இல் அரியணையை இழந்த இரண்டாம் ஜேம்ஸின் வம்சமே உண்மையான அரச வம்சம் என்று நம்பியவர்களை ஜாக்கோபைட்டுகள் என்பார்கள். நாடு கடந்த அந்த அரச குடும்பம் அப்போது பிரான்சின் ஆதரவில் இருந்தது. லோவட் அவர்களுடைய ஒற்றராக 1703-இல் ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார். வந்த வேகத்தில் எதிர்த்தரப்பு அமைச்சரிடமும் போய் ரகசியம் பேசினார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு. பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கண்டுகொண்டு, மறுபடி பிரான்சுக்குப் போனவரைப் பல வருடம் காவலில் வைத்தார்கள். 1715 ஜாக்கோபைட் கலகத்தில் அவர் அரசாங்கத்தின் பக்கம் நின்று இன்வர்னெஸ் நகரைக் கைப்பற்ற உதவினார். மன்னிப்பு கிடைத்தது. நீண்ட வழக்குக்குப் பின் பட்டமும் கிடைத்தது. அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை. ஜாக்கோபைட் அரசர் தன்னை ‘ஃப்ரேசர் கோமகன்’ ஆக்குவதாகச் சொல்ல, மனம் மறுபடி அந்தப் பக்கம் சாய்ந்தது.

1745-இல் ஜாக்கோபைட் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கியபோது லோவட் உடனே கிளம்பவில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்தார். கலகப் படை ஒரு போரில் வென்ற பிறகு, தன் மகனைக் குலத்து ஆட்களோடு அனுப்பிவிட்டு, மகன் என் பேச்சைக் கேட்கவில்லை என்று அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தப் படை டிசம்பரில் டெர்பி நகரம் வரை வந்தது. லண்டனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். தலைநகரம் நடுங்கியது. பிறகு படை பின்வாங்கி, 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் மேட்டில் ஒரு மணி நேரத்துக்குள் நொறுங்கியது. எழுபத்தொன்பதை எட்டிய லோவட்டைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் மோரர் ஏரித் தீவு ஒன்றில், பொந்துள்ள ஒரு மரத்துக்குள் ஒளிந்திருந்தபோது பிடிபட்டார்.

லண்டனுக்குக் கொண்டுபோகும் வழியில், நகரத்துக்கு ஒரு நாள் பயண தூரத்தில், செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் ஒயிட் ஹார்ட் விடுதியில் அவர் உடம்பு சரியில்லாமல் தங்கினார். அங்கே அவரைப் பார்த்த மருத்துவர் ஹோகார்த்தின் நண்பர். அவர் வழியாக ஓவியருக்குச் செய்தி போனது. ஹோகார்த் வந்து நுழைந்தபோது லோவட் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தாராம். அப்படியே எழுந்து பிரெஞ்சுக்காரர் பாணியில் கட்டி முத்தமிட, சோப்பு நுரை பாதி ஓவியரின் முகத்துக்கு மாறியதாம். ஹோகார்த்தைப் பற்றி எழுதிய பழைய ஆசிரியர்கள் சொல்லும் கதை இது, கதையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

லோவட் ஆகஸ்ட் 15 அன்று கோபுரச் சிறைக்குள் போனார். மூன்று நாள் கழித்து, அதே கலகத்தில் பிடிபட்ட கில்மார்னக், பால்மெரினோ என்ற இரண்டு பிரபுக்களின் தலை கோபுரக் குன்றில் விழுந்தது. ஆகஸ்ட் 25 அன்று படம் கடைக்கு வந்துவிட்டது. ஓவியரைச் சந்தித்ததிலிருந்து கணக்கிட்டால் சுமார் பத்துப் பன்னிரண்டு நாள். இவ்வளவு வேகம் எப்படிச் சாத்தியம்?

விடை தொழில்நுட்பத்தில் இருக்கிறது. செம்புத்தகட்டில் படம் செய்ய இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று என்கிரேவிங். ப்யூரின் என்ற கூர்உளியை உள்ளங்கையால் தள்ளி, செம்பை நேரடியாகக் கீறி எடுப்பது. உளி ஆழமாகப் போனால் கோடு தடிக்கும், மேலெழுந்தால் மெலியும். கோட்டின் நுனி ஊசிபோல் முடியும். நான்டெயின் பட்டுத்துணிபோன்ற கன்னங்களெல்லாம் இப்படிப் பிறந்தவை. வேலை நுட்பமானது, மெதுவானது. நல்ல உருவப்படம் ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று எட்சிங். இதில் செம்பை வெட்டுவது உளி அல்ல, அமிலம். தேய்த்து மெருகேற்றிய தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைத் தடவுவார்கள். அதை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவார்கள், கீறும் கோடு செம்பு நிறத்தில் பளிச்சென்று தெரிவதற்காக. பிறகு ஊசியால் அந்தப் பூச்சில் வரைவது தாளில் பேனாவால் வரைவது போலத்தான். கை ஓடுகிற வேகத்தில் கோடு ஓடும். ஊசி பட்ட இடத்தில் பூச்சு விலகிச் செம்பு வெளியே தெரியும். தகட்டை நைட்ரிக் அமிலத்தில் நனைத்தால் அந்த இடத்தை மட்டும் அமிலம் தின்னும். அக்காலத்தில் அதற்கு அக்வா ஃபோர்ட்டிஸ், அதாவது ‘வலிய நீர்’ என்று பெயர். மெல்லிய கோடு போதும் என்கிற இடத்தைக் கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்து வார்னிஷால் அடைத்துவிட்டு, நிழல் விழ வேண்டிய இடத்தை மட்டும் மறுபடி அமிலத்தில் விடுவார்கள். லோவட்டின் கோட்டு மடிப்புகளில் இருக்கும் கனத்த கறுப்பு அப்படி வந்தது. எட்சிங் கோட்டின் நுனி ஊசிபோல் மெலியாது, மொட்டையாக நிற்கும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நீங்களே பிரித்துச் சொல்லிவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தகட்டில் வலப்பக்கம் இருப்பது தாளில் இடப்பக்கம் விழும். படத்தின் அடியில் உள்ள எழுத்துகளைத் தகட்டில் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாக எழுத வேண்டும். ஹோகார்த்துக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இளவயதில் அவர் தொழில் கற்றதே ஒரு வெள்ளிப் பாத்திரச் செதுக்காளரிடம். பணக்காரர் வீட்டுத் தட்டுகளிலும் குவளைகளிலும் குலச்சின்னம் செதுக்கிய கை அது. பிரபுக்களின் சிங்கத்தையும் கழுகையும் செதுக்கிச் செதுக்கிச் சலித்தவர் பிறகு ஒரு பிரபுவை எப்படி வரைந்தார் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

படத்தின் அடியில் இருக்கும் வரியையும் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. பழைய அச்சுப்படங்களில் லத்தீன் வினைச்சொற்கள் சுருக்கமாக இருக்கும். ‘பிங்க்சிட்’ என்றால் வண்ணத்தில் தீட்டியவர், ‘டெலினியாவிட்’ என்றால் கோட்டில் வரைந்தவர், ‘ஸ்கல்ப்சிட்’ என்றால் தகட்டில் செதுக்கியவர், ‘எக்ஸ்குடிட்’ என்றால் வெளியிட்டவர். ஒரு படத்துக்கு மூன்று நான்கு பேர் என்பது சாதாரணம். லோவட் படத்தில் லத்தீனே இல்லை. ஆளை நேரில் பார்த்து வரைந்து அமிலத்தில் செதுக்கியவர் ஹோகார்த் என்று நேரான ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘நேரில் பார்த்து’ என்ற சொல்தான் சரக்கு. கடைக்கடைக்குக் கற்பனை முகங்கள் விற்ற காலத்தில், இது நிஜ முகம் என்பதற்கு அந்த வரி முத்திரை.

அதோடு ‘நாடாளுமன்றச் சட்டப்படி வெளியிடப்பட்டது’ என்ற குறிப்பும் தேதியும் உண்டு. அந்தச் சட்டத்துக்கு இன்றுவரை ஹோகார்த் சட்டம் என்றே செல்லப்பெயர். 1732-இல் அவர் வெளியிட்ட ‘ஒரு வேசியின் பயணம்’ படவரிசையைப் பார்த்துப் பார்த்துக் கள்ளப் பிரதி எடுத்து விற்றார்கள். கொதித்துப்போன ஹோகார்த் சக கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் மனுப்போட்டார். 1735-இல் சட்டம் வந்தது. தகட்டில் உரிமையாளர் பெயரும் தேதியும் இருந்தால் 14 வருடம் பிறர் நகலெடுக்கக்கூடாது. அடுத்த படவரிசையைச் சட்டம் அமலுக்கு வரும் ஜூன் 25 வரை கையில் பிடித்து வைத்துக்கொண்டிருந்து வெளியிட்டார், கெட்டிக்காரர். லோவட் படத்தின் லாபம் அடுத்த தெருக்காரனுக்குப் போகாமல் அவருக்கே வந்தது இந்தச் சட்டத்தால்.

லாபம் எவ்வளவு? பல வாரங்களுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 12 பவுண்டு வந்ததாகப் பழைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். தாள் ஒரு ஷில்லிங் என்றால் நாளுக்கு 240 தாள். கேட்க அதிகமாகத் தோன்றாது. ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் தகட்டில் மறுபடி மை தடவ வேண்டும். பள்ளங்களில் மட்டும் மை தங்கும்படி மேற்பரப்பைத் துணியாலும் உள்ளங்கையாலும் துடைக்க வேண்டும். பிறகு ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து, கம்பளி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுக்கி எடுக்க வேண்டும். தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். இந்த வேலைக்காக அச்சு உருளை ஒரு வாரம் இராப்பகலாக ஓடியும் கேட்டவர்களுக்குக் கொடுக்கத் தாள் போதவில்லை என்கிறார்கள். இத்தனைக்கும் ஒரு ஷில்லிங் என்பது லண்டன் கூலியாளின் ஒரு நாள் ஊதியத்தில் பெரும்பகுதி. வாங்க முடியாதவர்கள் கடைச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருப்பார்கள்.

எட்டு மாதம் முன்பு டெர்பி வரை வந்து தங்களை நடுங்கவைத்த பூதத்தின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க லண்டன்வாசிகளுக்கு ஆசை. ஹோகார்த் அவர்களுக்குப் பூதத்தைக் கொடுக்கவில்லை. தொப்பை தள்ளிய ஒரு கிழவரைக் கொடுத்தார். இன்ன குலத்தில் இத்தனை ஆள், இன்ன தலைவனோடு இத்தனை ஆள் என்று கலகப் படையின் கணக்கை லோவட் விரல்விட்டுச் சொல்லும்போது பிடித்த உருவம் இது என்று ஓவியரே பின்னாளில் விளக்கினார். அந்த விளக்கம் தெரியாமல் பார்த்தால் வட்டிக் கணக்கு என்றும் நினைக்கலாம், இன்னும் எத்தனை நாள் உயிரோடிருப்போம் என்ற கணக்கு என்றும் நினைக்கலாம். கேலிச்சித்திரம் என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். மூக்கை நீட்டவில்லை, பல்லைத் துருத்தவில்லை. தன்னை வரைகிறார்கள் என்று தெரிந்த ஒரு பழைய நடிகர், தனக்கு வேண்டிய பாவனையைத் தானே தேர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. இந்தப் படத்தில் பாதி வேலை லோவட்டுடையது.

1747 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரபுக்கள் சபை முன் விசாரணை நடந்தது. இளவரசரின் செயலாளராக இருந்த ஜான் மர்ரே, தன் உயிரைக் காத்துக்கொள்ள அரசுத்தரப்புச் சாட்சியாக வந்து கடிதங்களைக் காட்டிக்கொடுத்தார். லோவட்டுக்காக முழுமையாக வாதாட வழக்கறிஞருக்கு அன்றைய சட்டம் இடம் தரவில்லை. காது கேளாத கிழவர் தானே சமாளித்தார். அந்த விதி அதே வருடம் திருத்தப்பட்டது, அவருக்குப் பயன்படாமல். ஏப்ரல் 9 அன்று கோபுரக் குன்றில் தலை வெட்டப்பட்டது. வேடிக்கை பார்க்கக் கட்டிய பலகைமேடை ஒன்று கூட்டம் தாங்காமல் சரிந்து பலர் செத்தார்கள். பிரிட்டனில் தலைவெட்டித் தண்டிக்கப்பட்ட கடைசி மனிதர் லோவட்தான். மலைநாட்டில் குலத்தலைவர்கள் பரம்பரையாக வைத்திருந்த நீதி வழங்கும் அதிகாரத்தையும் நாடாளுமன்றம் அந்தச் சமயத்திலேயே பறித்தது. விரல்விட்டு எண்ணுவதற்கு ஆட்களை வைத்திருந்த தலைவர்களின் காலம் அதோடு போனது.

மேசையில் இருக்கும் அந்த நினைவுக் குறிப்புகள் வெறும் அலங்காரம் அல்ல. லோவட் பிரெஞ்சில் தன் கதையை எழுதி வைத்திருந்தார். அரசியல் சிந்தனையாளர் வில்லியம் காட்வின் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1797-இல் அச்சானது. தன் மேல் தவறே இல்லை என்பதுதான் அதன் சாரம், எதிர்பார்க்கக்கூடியதுதான்.

தகடு ஆளைவிட அதிக நாள் வாழ்ந்தது. ஹோகார்த் 1764-இல் இறந்த பின் தகடுகளை மனைவி ஜேன் வைத்திருந்து அச்சடித்து விற்றார். அவருக்குப் பின் அவை பதிப்பாளர் பாய்டெல் கைக்குப் போயின. 1822-இல் தேய்ந்த தகடுகளைத் திருத்திச் செப்பனிட்டு மறுபடி ஒரு பெரிய பதிப்பு வந்தது. அதனால் இந்தப் படத்தின் தாள்கள் இன்றும் அரிதல்ல. பழைய அச்சுப்படக் கடையில் ஒன்றைப் பார்த்தால் முகத்தைப் பார்க்காமல் முதலில் நிழலைப் பாருங்கள். கோட்டு மடிப்பில் கறுப்பு வெல்வெட்டுப்போல் கனமாக இருந்தால் அது முந்தைய அச்சு. சாம்பல் பூத்திருந்தால் பிந்தையது.

லோவட் வெட்டுண்டதாகச் சொல்லப்படும் மரக்கட்டை லண்டன் கோபுரத்தில் இருக்கிறது. உடலை ஆதரவாளர்கள் ரகசியமாக ஊருக்குக் கொண்டுவந்து, இன்வர்னெஸ் அருகே வார்ட்லா கல்லறை மாடத்தில் வைத்தார்கள் என்று ஃப்ரேசர் குலத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். அங்கே ஈயப் பெட்டியும் இருந்தது. உள்ளே தலையில்லாத எலும்புக்கூடும் இருந்தது. 2018-இல் தடயவியல் அறிஞர் சூ பிளாக் குழுவினர் அதை ஆராய்ந்து முடிவைச் சொன்னார்கள். எலும்புகள் ஒரு இளம்பெண்ணுடையவை.